விசாவுக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அதைப் பார்த்துத்தான் என் மனைவி அடுப்படிக்குள் போவதா, அங்கேயே நின்று பதில் சொல்வதா என்று முடிவு செய்வாள். பெரும்பாலும் நின்று பதில்தான் சொல்வாள். தொண்ணூறுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியிருந்த சமயத்தில், ஒரு வியாழக்கிழமை மட்டும் அவள் பதில் சொல்லவில்லை. அழுதாள். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அந்த நாள் எனக்கு மறக்கவில்லை.

அப்போது நான் புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் பிட்டர். பிட்டர் என்பது நானே சொல்லிக்கொண்டதுதான். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு மில்லுக்குள் நுழைந்தவன் நான், ஐ.டி.ஐ. பக்கமே போனதில்லை. எந்த மிஷினையும் பிரித்துப் பூட்டுவேன். நெல் உடைந்து குருணையாக விழுந்தால் ரப்பர் உருளை எங்கே தேய்ந்திருக்கிறது என்று அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் எனக்கு அது தெரியும் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினார்.

"பிட்டர்னு போடுங்க சார்" என்றேன்.

"சர்டிபிகேட் இருக்கா?"

"இல்லை."

"அப்ப கூலிதான்" என்று பேனாவை மூடிவிட்டார். காது சூடானதுதான் மிச்சம். அன்றிலிருந்து அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக எனக்குப் பிடிக்காது. மனைவிதான் போவாள்.

அந்தச் சமயத்தில் காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்கு மலேசியாவிலிருந்து ஒருவர் வந்தார். தாத்தா காலத்தில் இங்கிருந்து போன குடும்பம். அந்த நாட்டின் வடக்கே, கெடா என்ற பகுதியில் அவருக்குப் பெரிய நெல் ஆலை இருந்தது. எங்கள் முதலாளிக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம் என்பதால் எங்கள் மில்லையும் பார்க்க வந்தார். அவர் உள்ளே வந்த நேரம், நான் நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர் பேரிங்கின் மேல் ஸ்குரூ டிரைவரின் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"என்னப்பா செய்றே?" என்றார்.

"பேரிங் என்ன சொல்லுதுன்னு கேக்குறேன்யா."

"என்னா சொல்லுது?"

"நாளைக்கு மத்தியானச் சோறு வரைக்கும்தான் தாங்குமாம். புதுசு மதுரையிலேர்ந்து வந்துக்கிட்டு இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் பதினொன்றரை மணிக்குப் பேரிங் போய்விட்டது. முதலாளி அதைப் போனில் சொல்ல, அந்த மனிதர் கல்யாண வீட்டுப் பந்தியை விட்டு எழுந்து காரில் வந்து இறங்கினார். உடைந்த பேரிங்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நம்ம மில்லுக்கு வாரியா லா? நானே விசா எடுத்து அனுப்புறேன்" என்றார். அந்த 'லா' அங்கத்திப் பேச்சு வழக்காம்.

சரிங்கய்யா என்றேன், ஆனால் நம்பவில்லை. எங்கள் மில்லில் பாய்லர் வேலை பார்த்த ஒருவர் ஏஜெண்டை நம்பி துபாய்க்கு என்று கிளம்பியவர். மெட்ராஸ் லாட்ஜில் பதினெட்டு நாள் இருந்து, அங்கே ஓடிய எல்லாச் சினிமாவையும் பார்த்து முடித்துவிட்டு, போன பெட்டியோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு 'துபாய்' என்றே பெயர். எனக்கு 'மலேசியா' என்று பெயர் வைக்க லோடுமேன்கள் தயாராக இருந்தார்கள்.

ஆனால் இவர் ஏஜெண்ட் இல்லை. ஆலைக்காரர் தாமே அங்கே அரசாங்கத்துக்கு மனுப் போட்டு, இன்ன வேலைக்கு இன்ன ஆளை அழைத்துக்கொள்கிறேன் என்று அனுமதி வாங்க வேண்டுமாம். என் பாஸ்போர்ட் நகலும், முதலாளியின் மகனுடைய முழுக்கைச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டு எடுத்த போட்டோவும் தபாலில் போயின. மாதங்கள் போயின. தை பிறந்து அறுவடை நெல் வந்து குவிந்து, மில்லில் மூச்சுவிட நேரமில்லாத ஒரு புதன்கிழமை, காரைக்குடியிலிருந்து ஆள் வந்து சொன்னார்: "டீச்சர் கடைக்கு ஒங்களுக்கு பேக்ஸ் வந்திருக்காம்."

டீச்சர் என்பவர் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் வெகுநாள் வேலை பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பேக்ஸ், ஜெராக்ஸ் என்று போர்டு போட்டுக் கடை வைத்திருந்தவர். வாடிக்கையாளர்களையும் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் மாதிரியே நடத்துவார். வரிசை மீறினால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பின்னால் அனுப்புவார். நான் போனபோது போன் பேச ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர் சுருண்டு கிடந்த தாளை விரித்துப் பிடித்து வேகமாகப் படித்துச் சொன்னார்.

"அனுமதி வந்துருச்சு தம்பி. ஒரிஜினலை மெட்ராஸ்ல இருக்குற மலேசியாக்காரவுக விசா ஆபீசுக்கே அனுப்பிட்டாகளாம். நீங்க பாஸ்போர்ட்டும் இந்தத் தாளும் எடுத்துக்கிட்டு நேர்ல போகணும். திங்கக்கிழமைதான் கடைசி. அதுக்கு மேல இந்த அனுமதி செல்லாது. வேலை என்ன போட்டிருக்கு தெரியுமா? இங்க பாருங்க. ஸ்கில்ட் டெக்னீஷியன்."

"ஸ்கில்டுன்னா என்ன டீச்சர்?"

"தொழில் நல்லாத் தெரிஞ்ச ஆளுன்னு அர்த்தம்."

அந்த ஒரு வார்த்தை எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர் விரலால் தொட்டுக் காட்டினார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளில் இன்னும் என்னென்னவோ எழுதியிருந்தது. எனக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. 'கூலி' என்று எழுதிவிட்டுப் போனவரை அப்போதே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கங்க தம்பி" என்றார் டீச்சர். "இது சாதாப் பேப்பர் இல்ல. சூடு பட்டா ஆகாது. வெயில்லகூட வைக்காதீக."

"கையிலதான் இருக்கே டீச்சர், நகல் எதுக்கு?" என்றேன். புதுவயல் பஸ் கிளம்ப ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். பேரிங் முனகுவதையெல்லாம் கேட்கிற இந்தக் காதில் டீச்சர் சொன்னது ஏறவில்லை.

என் மனைவிக்குப் பிறந்த ஊர் நாட்டரசன்கோட்டை. அவர்கள் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் சாமி அறைக்குப் போக வேண்டும். பத்திரம், கல்யாணப் பத்திரிகை, பரீட்சை ஹால் டிக்கெட் எதுவானாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சூடம் காட்டிய பிறகுதான் மற்றவர் கைக்கு வரும். கல்யாணமான புதிதில் எங்கள் கரண்ட் கார்டுக்கே மஞ்சள் வைத்தவள் அவள். நான் கேலி செய்ததற்கு, "அப்பறம் எப்புடி கரண்ட் ஒழுங்கா வருது?" என்று கேட்டாள். புதுவயலில் அப்போது கரண்ட் ஒழுங்காக வந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

புதன்கிழமை முழுக்க அவள் அந்தத் தாளைத் தொடவில்லை. வியாழக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு சாமி அறைக்குப் போனாள். நான் கொல்லையில் முகத்தில் சோப்பைப் போட்டுக்கொண்டு சவரக் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறாள். பேக்ஸ் தாள் உருளையிலிருந்து வந்தது அல்லவா, விரிக்க விரிக்கச் சுருண்டுகொண்டது. சாமிக்கு முன்னால் சுருண்டு கிடந்தால் நன்றாகவா இருக்கும் என்று, அது நிமிர்ந்து கிடக்க நடுவில் சூடத் தட்டை வைத்துவிட்டாள். வைத்துவிட்டு, பெரிய காரியம் என்பதால் வழக்கமான ஒரு வில்லைக்குப் பதில் மூன்று வில்லைச் சூடத்தை ஏற்றியிருக்கிறாள். அது எரிந்து அணையும் வரை கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"இங்குட்டு வாங்களேன்" என்றாள். அந்தக் குரலே சரியில்லை.

பித்தளைத் தட்டு ஒரு கையில் இருந்தது. இன்னொரு கையில் தாள். தாளின் நடுவே தட்டின் அளவுக்கு, காம்பஸ் வைத்து வரைந்தது போல, கன்னங்கரேலென்று ஒரு வட்டம். மேலே ஆலையின் பெயரும் ஏதோ ஒரு நம்பரும் தப்பித்திருந்தன. கீழே கையெழுத்து இருந்தது. நடுவில் என் பெயரும், என் வேலையும், டீச்சர் விரல் வைத்துக் காட்டிய அந்த வார்த்தையும் வட்டத்துக்குள் போய்விட்டன. நான்கு மூலையில் மஞ்சள் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"நெருப்புப் படவே இல்லீங்க" என்றாள். மோந்து பார்த்தாள். கருகிய வாடையே இல்லை. "தட்டத்தான் வச்சேன். பொத்துப்போகக்கூட இல்ல. எப்புடிக் கருத்துச்சுன்னு தெரியலையே."

சோப்பு நுரையோடு நின்று நான் கத்தினேன். அறிவிருக்கிறதா என்று கேட்டேன். கரண்ட் கார்டிலிருந்து ஆரம்பித்து, அவள் மஞ்சள் வைத்த ஒவ்வொரு காகிதத்தையும் சொல்லிக் காட்டினேன். என் வாழ்க்கையில் ஒரே ஒருத்தர் எழுதிக்கொடுத்த ஒரே ஒரு தாள், அதையும் அழித்துவிட்டாயே என்றேன். அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போறது சாமிக்குப் பிடிக்கலையோ" என்று சொல்லி அழுதாள்.

உண்மையை எழுதுவதானால் இதையும் எழுதத்தான் வேண்டும். அவள் தட்டையும் தாளையும் காட்டிய அந்த நொடியே எனக்கு டீச்சர் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. இது சாமி செய்ததில்லை, தட்டின் சூடு பட்டு அந்தப் பேப்பர் தானாகக் கறுத்தது என்று தெரியும். ஒரு ஜெராக்ஸ் எடுத்திருந்தால் இந்தத் தாள் அடுப்பில் விழுந்தால்கூடக் கவலையில்லை என்றும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவளை அழவிட்டேன். என் தப்பு அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தினேன்.

அவளை வரச் சொல்லாமல் தனியாகவே காரைக்குடிக்குப் போனேன். டீச்சர் தாளைப் பார்த்தார். மூலை மஞ்சளைப் பார்த்தார். கேள்வியே கேட்காமல் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார்.

"நான் என்ன சொன்னேன் தம்பி?"

"ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னீக."

"இன்னும் என்ன சொன்னேன்?"

"சூடு ஆகாதுன்னு சொன்னீக."

ஏழெட்டுப் பேருக்கு நடுவில் பெஞ்சு மேல் ஏற்றாததுதான் குறை. பிறகு மலேசியாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. எங்கள் முதலாளிக்குப் போன் போட்டு ஆலைக்காரரின் வீட்டு நம்பரை வாங்கிப் போட்டால், சீனப் புத்தாண்டு, ஆலையை அடுத்த வாரம்தான் திறப்பார்கள், அவரும் குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கிறார், ஒரு வாரம் ஆகும் என்று ஒரு அம்மாள் சொன்னார். இனி இன்னொரு தாள் வர வழியில்லை. "இருக்கிறதையாவது ஒண்ணு எடுத்து வச்சுக்கங்க" என்று டீச்சர் கறுத்த தாளையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். ஜெராக்ஸில் வட்டம் இன்னும் அழகாக விழுந்தது.

விஷயம் மில்லுக்கு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. முதலாளி தாளை வாங்கிக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான்டா வச்சிருக்கா. விசாவுக்குத் திருஷ்டிப் பொட்டு" என்றார். லோடுமேன்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். 'துபாய்' மட்டும் என் தோளில் கையை வைத்து, "மெட்ராஸ்ல லாட்ஜ் எதும் வேணுமா?" என்று கேட்டார். எனக்கு மலேசியா என்ற பெயர் கிடைப்பதற்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பாலிஷ் மிஷின் மக்கர் செய்தது. வெளியே நெல் லாரிகள் வரிசையாக நின்றன. நான் நகர முடியாது. "நான் போயி இன்னொரு தடவ போன் போட்டுப் பாக்குறேன்" என்று மனைவி காரைக்குடிக்குப் போனாள். சாயங்காலம் வந்து, "எடுக்கலையாம்" என்றாள். ஆனால் அழுகை நின்றுவிட்டது. பழைய நோட்டு அட்டைகள் இரண்டைக் கிழித்து, நடுவில் தாளை வைத்து நூலால் கட்டினாள். என் சட்டைகளைத் தேய்த்து வைத்தாள். நான் கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். அன்றிலிருந்து குழம்பிலும் ரசத்திலும் உப்பு இல்லை. மனசு சரியில்லாததால் மறந்துவிடுகிறாள் போல என்று நினைத்து, குறை சொல்லாமல் சாப்பிட்டேன். ஊறுகாயை எங்கே வைத்தாள் என்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் மெட்ராஸில் அந்த அலுவலகத்தின் முன்னால் நின்றேன். முழுக்கைச் சட்டை போட்டவர்கள், பைல் வைத்திருப்பவர்கள், டை கட்டியவர்கள் என்று வரிசை நீளமாக இருந்தது. என் கையில் நூல் கட்டிய நோட்டு அட்டை. கவுண்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தார். நூலைப் பிரித்துத் தாளை எடுத்து நீட்டினேன். அவர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்னங்க இது?"

பொய் சொல்ல யோசித்து வைத்திருந்தேன். மழையில் நனைந்துவிட்டது என்று சொல்வதாக ஏற்பாடு. மாசியில் என்ன மழை என்று கேட்டால் என்ன செய்வது என்று கடைசி நேரத்தில் பயம் வந்துவிட்டது. மஞ்சள், மூன்று வில்லைச் சூடம், பித்தளைத் தட்டு எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். எனக்குக் காது சூடாகவில்லை. பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"நம்பர் தெரியுது, அது போதும்" என்று சொல்லி உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரும்போது கையில் ஒரு பைல் இருந்தது. உள்ளே அதே கடிதம், வட்டம் இல்லாமல். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"டெக்னீஷியன்னு போட்டிருக்கு. ஐ.டி.ஐ. சர்டிபிகேட் எங்கே?"

போச்சு என்று நினைத்தேன். "இல்லீங்கம்மா. எட்டாவதுதான்" என்றேன்.

அவர் கடிதத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "ஓ, எழுதியிருக்காரே" என்று சொல்லி, எனக்காகத் தமிழில் படித்தார். "இவரிடம் சான்றிதழ் கிடையாது என்பது எனக்குத் தெரியும். இவர் வேலை செய்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதைவிடப் பெரிய சான்றிதழை எனக்குக் காட்டுகிறவர் யாரும் இல்லை. இந்த நாட்டில் இருக்கும்வரை இவருக்கு முழுப் பொறுப்பும் நான்."

அது அந்த வட்டத்துக்குள் இருந்த வரி. டீச்சர் கடையில் ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டு நான் படிக்கச் சொல்லிக் கேட்காமல் விட்ட வரி. கவுண்ட்டர் முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாள் பார்க்காதது போல முத்திரையைத் தேட ஆரம்பித்தார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, புதன்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

இரண்டு நாள் மெட்ராஸில் தெரிந்தவர் அறையில் இருந்தேன். பக்கத்திலேயே தியேட்டர் இருந்தும் சினிமாவுக்குப் போகத் தோன்றவில்லை. அந்த வரியே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கடல் தாண்டி இருக்கிற ஒரு மனிதர், என்னை மொத்தமாக இரண்டு நாள் பார்த்தவர், என் முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நானோ ஒரு ஜெராக்ஸ் எடுக்காததற்குப் பொறுப்பு ஏற்காமல், கட்டியவளைச் சாமிக்குப் பயந்து அழ வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை அதற்குக் கிடையாது.

வியாழக்கிழமை காலையில் புதுவயலில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கெடச்சிருச்சா?" என்றாள்.

"கெடச்சிருச்சு" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "அந்தத் தாள் கருத்ததுக்கு நீ காரணம் இல்ல. சாமியும் இல்ல. ஜெராக்ஸ் எடு, சூடு ஆகாதுன்னு டீச்சர் அன்னைக்கே சொன்னாக. நாந்தான் கேக்கல. தெரிஞ்சுக்கிட்டேதான் ஒன்னையத் திட்டினேன்."

அவள் களைந்த தண்ணீரை நிதானமாக வடித்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்புடி?"

"வெள்ளிக்கெழமை போனேன்ல. டீச்சர் எல்லாத்தையும் சொல்லிட்டாக."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களா எப்பச் சொல்றீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னையோட ஆறு நாள் ஆச்சு."

"அப்ப அந்தக் குழம்புல உப்பு..."

"பின்ன?" என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பு மேடையின் மூலையில் புளிப்பானைக்குப் பின்னால் ஊறுகாய் ஜாடி இருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

பாஸ்போர்ட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, விசா ஒட்டியிருந்த பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். 'ஸ்கில்ட்' என்ற அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். இதில் இல்லை, மெட்ராஸ் ஆபீஸ் பைலில் இருக்கிறது, அதோடு இன்னொரு வரியும் இருக்கிறது, அதை என் காதாலேயே கேட்டேன் என்றேன். அந்த வரியை அவளுக்கு இரண்டு தடவை சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து சாமி அறை வாசல்வரை போனாள்.

"மஞ்சள் வச்சு சூடம் காட்டிரு" என்று நானே சொன்னேன்.

அவள் அங்கேயே நின்றாள். திரும்பி வந்து பாஸ்போர்ட்டை என் கையில் வைத்தாள்.

"மொதல்ல காரைக்குடிக்குப் போயி இதுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. டீச்சர்கிட்டயே எடுங்க. அதுவரைக்கும் சாமி காத்துக்கிட்டு இருக்கும்."

அடுத்த பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.